இருபத்து மூன்றாம் படத்தின் சங்கிலி

சென்ற மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். "சார், புது சாஃப்ட்வேர்ல ஆறாம் பத்தி, ஏழாம் பத்தி ரெண்டையும் சேத்து 'விவரம்'னு ஒரே கட்டமா ஆக்கிட்டாங்க. பழைய பதிவேட்டுல எதுக்கு ரெண்டா வெச்சிருந்தீங்கன்னு எங்க யாருக்கும் தெரியல. நம்ம அலுவலக மலருக்கு அதப் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

ஒன்றாக்கிவிட்டு, இரண்டாக இருந்தது எதற்கு என்று கேட்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இந்த வரிசை புதிதில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் அந்த இரண்டு பத்திகளைப் பற்றி எழுதினால் தமயந்தியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அவரைப் பற்றி எழுதினால் எனக்கு வயிறு எரியும். மலர்க்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அருங்காட்சியகத்தில் பதிவாளராக இருந்தேன். வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, அளந்து, அதன் நிலையைக் குறித்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. எங்கள் காட்சிக்கூடம் மாமல்லபுரத்தில். பொருட்களைப் பூட்டி வைக்கும் வைப்பறை செங்கல்பட்டில். உப்புக்காற்று காகிதத்தைத் தின்னும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே என் பணிக்காலத்தில் கணிசமான பகுதி, திருக்கழுக்குன்றம் சாலையின் பள்ளங்களில் ஒரு வேனுக்குள், சட்டமிட்ட படங்களை மடியில் ஏந்தியபடி கழிந்தது.

பயிற்சி இரண்டு வருடம். ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். வைப்பறைக்குள் பேனா கிடையாது, பென்சில் மட்டும். மோதிரம், கடிகாரம் எல்லாம் வாசலில் உள்ள தட்டில் கழற்றி வைக்க வேண்டும். காகிதத்தை ஒரு கையால் தூக்கக் கூடாது. உயரம் முதலில், அகலம் பிறகு. எண்ணைப் பின்பக்கம், கீழ் வலது மூலையில், அழுத்தாமல் எழுத வேண்டும். இதெல்லாம் எனக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. மீதி ஒன்றரை வருடம் பிறர் செய்யும் தவறுகளைக் கவனித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எங்கள் காப்பாளர் திரு. சபாபதி. படத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம் பேசமாட்டார், பிறகும் பெரும்பாலும் பேசமாட்டார். பதிவேட்டில் ஆறாம் பத்தியின் தலைப்பு 'காண்பது'. ஏழாம் பத்தி 'கூறுவது'. கண்ணில் படுவது மட்டும் ஆறில். அதன் பொருள் என்ன, யார், எதற்காக, ஊரார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் ஏழில். ஒரு முறை ஆறாம் பத்தியில் 'அவன் அழுகிறான்' என்று எழுதிவிட்டேன். தாள் திரும்பி வந்தது. 'அழுகிறான்' என்ற சொல்லைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம். விளக்கம் கிடையாது. அரை நாள் யோசித்து, 'இரு கன்னங்களிலும் கீழ்நோக்கி வெண்கோடு, பக்கத்துக்கு ஒன்று' என்று மாற்றி அனுப்பினேன். வட்டமில்லாமல் வந்தது. சபாபதி சாரிடம் நான் பெற்ற பாராட்டுகளில் அது ஒன்று. இன்னொன்று இருந்ததாக நினைவில்லை.

செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும், எங்கே கிடைத்தாலும், பைத்தியம் பிடித்தவர்களைக் காட்டும் பழைய படங்களை வாங்கிச் சேர்த்தார். அவர் இறந்ததும் பிள்ளைகள் அதை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு படங்கள். அவற்றை மாமல்லபுரத்தில் தனிக் காட்சியாக வைப்பது என்று முடிவானது.

பெட்டியைத் திறந்த அன்று சபாபதி சார் ஒரு நிமிடம் நின்றார். "'பைத்தியம்'ங்கிற சொல் ஆறாம் பத்தியில ஒரு இடத்துலயும் வரக் கூடாது, வரதராஜன். அது கண்ணுக்குத் தெரியற பொருள் இல்ல" என்றார். அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

எங்கள் உதவியாளர் முனுசாமி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். ஐரோப்பியச் செதுக்குப் படங்கள் பாதி. தலையில் வைக்கோல் செருகியவன், காகித கிரீடம் வைத்தவன், ஒற்றைச் செருப்போடு சுவரில் கோடு கிழிப்பவன். நம் பக்கத்துப் படங்கள் மீதி. எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு பனைமடல் குதிரை மேல் ஏறி வரும் காதலன், சடையில் ஊமத்தம்பூ வைத்துத் திருவோடு ஏந்திய சிவன், நாடக நோட்டீஸ் ஒன்றில் பானையை மகுடமாகக் கவிழ்த்துக்கொண்ட ராஜா.

"இன்னா சார் இது" என்றார் முனுசாமி. "காலைல ஒம்போது மணிக்கு கூடுவாஞ்சேரி டேசன்ல நின்னா இத்தினி பேரும் கீறாங்க. இதுக்கு எதுக்கு தனியா படம்?"

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. நாற்பத்தொரு படங்களையும் அளந்து முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பைத்தியத்தை யாராலும் வரைய முடியவில்லை. தலைமுடியை வரைந்திருக்கிறார்கள், கிழிந்த துணியை வரைந்திருக்கிறார்கள், கையில் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். முடியை வாரிக் கட்டிவிட்டால் பாதிப் பேர் தாசில்தார் அலுவலக வரிசையில் நிற்கலாம்.

தமயந்தியை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வேர்க்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, போடும் குடும்பம். ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஒப்பந்த வேலையில் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு ஒன்பது வருடமாக எங்களோடு இருந்தார். உயரத்தை அகலம் என்றும் அகலத்தை உயரம் என்றும் எழுதுவார். கடிகாரத்தைக் கழற்ற மறப்பார். வைப்பறைக்குள் ஒரு முறை பேனாவோடு நின்றார். அவர் எழுதிய எந்தத் தாளிலும் சபாபதி சார் வட்டம் போட்டதில்லை.

வேலைப் பங்கீடு இப்படி: ஆறாம் பத்தி எனக்கு, ஏழாம் பத்தி தமயந்திக்கு. படத்தின் அருகே சுவரில் ஒட்டும் விளக்கத் தாளுக்கு ஏழாம் பத்தியிலிருந்துதான் எடுப்பார்கள். ஒரு படத்துக்கு நான் இரண்டு மணி நேரம் செலவழித்து எழுதும் ஆறாம் பத்தியைப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் சபாபதி. இன்னொருவர் தமயந்தி, அதைப் படித்துவிட்டுத்தான் அவர் தன் மூன்று வரியை எழுதுவார். அந்த மூன்று வரியைப் படிக்க மாமல்லபுரத்தில் ஜனங்கள் நின்றார்கள்.

பெட்டியில் ஒரு ஐரோப்பியப் படம். வெள்ளைத் துணியால் தலையை மூடிய நடுவயதுப் பெண். 'கண்ணோரம் சிவப்பு. உதடுகள் இறுக்கம். பார்வை பக்கவாட்டில்' என்று எழுதினேன். பின்பக்கம் மருத்துவரின் பென்சில் குறிப்பு: 'பொறாமை முற்றிய நிலை.'

தமயந்தி எட்டிப் பார்த்தார். "என்ன சார், இந்தம்மாவுக்கு ஜூனியர் யாருக்காவது ப்ரமோஷன் குடுத்துட்டாங்களா?"

முனுசாமி சிரித்துத் தள்ளினார். நானும் சிரித்தேன். அப்போது உதவிக் காப்பாளர் பதவிக்கு விளம்பரம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து விண்ணப்பித்தவர்கள் நானும் தமயந்தியும். நான் அவருக்கு எட்டு வருடம் மூத்தவன்.

அந்தப் பதவி எனக்குச் சம்பளத்தில் சிறு வித்தியாசம். கௌரவத்தில் பெரிய வித்தியாசம். அவருக்கு அது வேறு கணக்கு. ஒப்பந்த இடங்களை அந்த வருடத்தோடு எடுத்துவிடுவதாக உத்தரவு வந்துவிட்டது. "கெடைக்கலன்னா ஊருக்குப் போயி மல்லாட்ட ஆய வேண்டியதுதான் சார். எங்கம்மா இப்பவே சாக்கு எடுத்து வெச்சிருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டிபன் டப்பாவை மூடிய விதத்தில் சிரிப்பு இல்லை.

இருபத்து மூன்றாம் படத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர் ஓவியர் ஒருவர் காகிதத்தில் வண்ணம் தீட்டியது. என் ஆறாம் பத்தி எனக்கு மனப்பாடம்: 'பெண், பனையடியில் அமர்ந்த நிலை. கூந்தல் அவிழ்ந்து இடத் தோள் வழியே மடி வரை. வாய் சற்றுத் திறப்பு, மேற்பற்கள் தெரிகின்றன. வலக் கணுக்காலில் சங்கிலி, கண்ணிகள் பதினேழு, மறுமுனை மரத்தில். இடக் கையில் சிறு மரத்துண்டு, இரு விளிம்புகளிலும் நெருக்கமான வரிகள். வலப்பக்கம் மண்பானை.' படத்துக்குக் கீழே மையால் ஆங்கிலத்தில் ஒரு வரி, சதுரங்கப்பட்டினத்துப் பைத்தியக்காரி என்று.

தமயந்தி ஏழாம் பத்தியில் எழுதியது இது: 'மரம் நிழல் கொடுத்தது. ஊர் சங்கிலி கொடுத்தது. சிரிப்பு மட்டும் அவளுடையது.'

முனுசாமி அதைப் படித்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சபாபதி சார் தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பேசாமல் போனார். நான் அதை நான்கு முறை படித்தேன். வட்டம் போட ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. பதினேழு கண்ணிகளை எண்ணியவன் நான். அவர் ஒன்றைக்கூட எண்ணவில்லை.

சட்டத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு படத்தையும் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்து நிலை அறிக்கை எழுத வேண்டும். பழைய வண்ணமும் பிற்பாடு தொட்ட வண்ணமும் அந்த ஒளியில் வேறு வேறாகத் தெரியும். காட்சி திறக்கப் பதினெட்டு நாள் இருந்தது. பகல் பன்னிரண்டு மணி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டு இருபத்து மூன்றை விளக்கடியில் வைத்தேன்.

பெண் மங்கலாக ஒளிர்ந்தாள். மரம், பானை, கூந்தல் எல்லாம் அதே மங்கல். சங்கிலி மட்டும் கரிக்கோடாகத் தனித்துத் தெரிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு லென்ஸை எடுத்தேன். அந்தக் காகிதத்தில் பூச்சி அரித்த துளைகள் சில இருந்தன. ஒரு துளை கூந்தலில். அதன் உள்விளிம்பு வெள்ளையாக இருந்தது. அதாவது, தீட்டிப் பல காலம் கழித்துப் பூச்சி வண்ணத்தையும் காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. இன்னொரு துளை சங்கிலியின் ஒன்பதாம் கண்ணியில். அதன் உள்விளிம்பில் கறுப்பு வண்ணம் இறங்கியிருந்தது. ஓட்டை விழுந்த பிறகு தீட்டினால்தான் வண்ணம் ஓட்டைக்குள் இறங்கும். ஆங்கில வரியில் ஓர் எழுத்தும் அதே போல மூன்றாவது துளைக்குள் கசிந்திருந்தது.

ஓவியர் சங்கிலியை வரையவில்லை. படம் பழசாகி, பூச்சி அரித்து, யாரோ ஒருவர் கைக்குப் போன பிறகு, அவர் சங்கிலியையும் பெயரையும் சேர்த்திருக்கிறார். அப்படிப்பட்ட படங்களைத் தொகுதியாக விற்றவராக இருக்கலாம். தொகுதிக்குப் பைத்தியக்காரி ஒருத்தி குறைந்திருப்பாள்.

இப்படி ஒரு கண்டுபிடிப்பு ஒரு பதிவாளருக்கு ஆயுளில் ஒரு முறை வரும். எனக்கு முதலில் வந்த எண்ணம் அதைப் பற்றியது இல்லை. 'ஊர் சங்கிலி கொடுத்தது' என்ற வரி தவறு. அதுதான் முதலில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்துப் பொய் சொல்ல அவசியமில்லை.

நடைமுறையை இங்கே சொல்ல வேண்டும். நிலை அறிக்கைகள் ஒவ்வொன்றாக மேலே போகாது. காட்சி திறந்த பிறகு மொத்தமாகக் கட்டி காப்பாளருக்கு அனுப்புவோம். ஏழாம் பத்தி எழுதுபவருக்கு அது போகவே போகாது. இடையில் முக்கியமாக ஏதாவது தெரிந்தால் அவசரக் குறிப்பு என்று ஒரு ரோஜா நிறச் சீட்டு உண்டு. அதை நிரப்பிப் பதிவேட்டில் செருகினால் அன்றே எல்லோரும் பார்ப்பார்கள். சீட்டை எப்போது நிரப்ப வேண்டும்? விதி 'தேவையெனில்' என்று மட்டும் சொன்னது.

அறிக்கையை முழுமையாக எழுதினேன். துளைகளின் இடத்தை மில்லிமீட்டரில் குறித்தேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், கட்டில் வைத்தேன். எதையும் மறைக்கவில்லை. ரோஜாச் சீட்டுப் புத்தகம் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையை நான் திறக்கவில்லை.

அந்தப் பதினெட்டு நாளும் தமயந்தியோடு ஒரே வேனில் போய் வந்தேன். படங்களை மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "சார், இருவத்தி மூணு கொஞ்சம் சாஞ்சிருக்கா பாருங்க" என்றார். பார்த்தேன். நேராக்கினேன்.

வெள்ளிக்கிழமை காட்சி திறந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள். இருபத்து மூன்றின் முன்னால் கூட்டம் தேங்கியது. ஒருவர் அந்த மூன்று வரியைத் தன் மேடைப் பேச்சில் சொன்னார். எழுதியது யார் என்று விசாரித்தார்கள். தமயந்தி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.

திங்கட்கிழமை அதே கட்டடத்தின் பின்னறையில் நேர்காணல். பக்கத்துச் சிற்பக்கூடத்தில் கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகளைக் கத்திக் கேட்டார்கள். நடுவில் வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், மேசை ஓரத்தில் சபாபதி சார். மூப்பு முறையில் நான் முதலில்.

"தொகுப்பில் ஏதாவது ஒரு படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள்.

பன்னிரண்டு நிமிடம் பேசினேன். வெள்ளை விளிம்பு, கறுப்பு விளிம்பு, ஒன்பதாம் கண்ணி. பேராசிரியர் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படியானால் சுவரில் இருக்கும் விளக்கம்?" என்று கேட்டார். "அது என் பத்தி இல்லை சார்" என்றேன். இதற்கு நான் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தேன். சபாபதி சார் முகத்தை நான் பார்க்கவில்லை.

வெளியே தமயந்தி பெஞ்சில் இருந்தார். "இன்னா சார் கேட்டாங்க?" பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"பொதுவாத்தாம்மா."

"உங்களுக்குக் கெடச்சா ட்ரீட் உண்டு இல்ல?"

"உண்டு" என்றேன். அவர் உள்ளே போனார்.

உள்ளே நடந்தது எனக்கு முனுசாமி மூலம்தான் தெரியும். தேநீர் கொண்டுபோனவர் கதவோரம் நின்றுவிட்டார். வெளியே வந்து என் எதிரில் காலி டம்ளர்த் தட்டோடு நின்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எட்த எட்ப்புலயே கேட்டாங்க சார், நீ எழ்தனது தப்புன்னு உங்க ஆளு சொல்றாரு, இன்னா சொல்றன்னு. அந்தம்மாக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் என்னக் கூப்ட்டு, முனுசாமி, போயி இருவத்தி மூண கயட்டிகினு வாயான்னுச்சி. கயட்டிகினு போனேன். லென்சு கேட்டுச்சி. பாத்துச்சி. ரொம்ப நேரம் பாத்துச்சி சார். பாத்துட்டு, வரதராஜன் சார் சொன்னது கரெக்டு, நா எழ்தனது தப்புன்னு சொல்லிச்சி. அவ்ளோதான், காலி, ஊருக்குப் போவ வேண்டியதுதான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்பறம் கைய வெச்சி அந்தச் சங்கிலிய மறைச்சிகினு பாத்துச்சி. ஒரே சிரிப்பு. சார், சங்கிலி இல்லன்னா இவ பைத்தியமே இல்ல, கைல கீறது பேன் சீப்பு சார்னுச்சி. பானைல தண்ணி. தலைக்கு ஊத்திகினு வந்து மரத்தடியில ஒக்காந்து காய வெச்சிகினு, பேன் சீவிகினு கீறா. எங்க ஊர்ல நாயித்துக்கெயம ஆனா தெருவெல்லாம் இப்பிடித்தான்னுச்சி. அந்தப் பெரியவரு எழுந்து வந்து பாத்தாரு. நம்ம சார் கூட கிட்ட வந்து பாத்தாரு."

முனுசாமி தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நா பொண்ணு பெத்தவன் சார். எத்தினி வாட்டி அந்தப் படத்தத் தூக்கிகினு அலைஞ்சிகிறேன். எனுக்கே தெரியல பாரு."

எனக்கும் தெரியவில்லை. 'சிறு மரத்துண்டு, இரு விளிம்புகளிலும் நெருக்கமான வரிகள்.' அதன் நீளம் கூட அறிக்கையில் உண்டு. என் வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அந்தச் சீப்பு என் கண் முன்னால்தான் கிடந்தது. சங்கிலி பொய் என்று நிரூபித்தேன், பெயர் பொய் என்று நிரூபித்தேன், அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணைப் பைத்தியக்காரி என்றே வைத்திருந்தேன். அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தமயந்தி எழுதியது தவறு என்பதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

மாலையில் முடிவு சொன்னார்கள். பதவி தமயந்திக்கு.

மறுநாள் அறிக்கைக் கட்டை மேலே அனுப்பினேன். அடுத்த நாள் திரும்பி வந்தது. மற்ற நாற்பதில் ஒரு குறியும் இல்லை. இருபத்து மூன்றில் ஒரே ஒரு நீல வட்டம், என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைச் சுற்றி. சபாபதி சார் ஓய்வு பெறும் வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அரை நாள் யோசித்து மாற்றி எழுதக்கூடிய பிழை அது இல்லை.

தமயந்தி பேசினார். வைப்பறையில், கடிகாரத்தைத் தட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்து பேசினார். அன்றைக்கென்று அது நினைவிருந்தது.

"பதினெட்டு நாளு முன்னாடியே பாத்துட்டீங்க இல்ல சார்?"

"அறிக்கையில இருக்கும்மா."

"அறிக்கை எனக்கு வராது. அது உங்களுக்குத் தெரியும்."

மேசையில் இருந்த அளவுகோலை நேராக வைத்தேன்.

"இன்டர்வியூவுல என்ன மாட்டி வுட்டத வுடுங்க. அது நமக்குள்ள. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளு சார். அத்தன பேரும் அவள பைத்தியம்னு நெனச்சி, ஐயோ பாவம்னுட்டுப் போயிட்டாங்க. அவங்கள எங்க போயித் தேடிச் சொல்றது?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நான்கு வார்த்தை பேசியிருப்பேன். மூப்பு, ஒன்பது வருட ஒப்பந்தம், சிபாரிசு என்று எனக்கு நிறைய இருந்தது. அவர் கோபம் முழுவதும் படத்தில் இருந்தவளுக்காக. அதில் எனக்கு இடமே இல்லை. அதையும் நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிய விளக்கத் தாளை என்னையே எழுதச் சொன்னார். "உங்க கண்டுபிடிப்பு சார், நீங்கதான் எழுதணும்." மூன்று நாள் எழுதினேன். முதல் தாளில் பூச்சித் துளைகள் மட்டும் இருந்தன. இரண்டாவதில் பெண் வந்தாள், ஆனால் துளைகளுக்குப் பிறகு வந்தாள். மூன்றாவதைத் தமயந்தி வாங்கிப் படித்தார். பிறகு பென்சிலை எடுத்து, நின்றபடியே, தாளின் பின்பக்கம் எழுதினார்:

'இவள் தலையை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். சங்கிலி, பிறகு வந்த ஒருவர் போட்டது.'

கீழே என் பெயரைச் சேர்க்கப் போனார். விளக்கத் தாளில் ஊழியர் பெயர் வரக் கூடாது என்பது விதி. எடுத்துச் சொன்னவன் நான்தான். இரண்டாம் கையெழுத்து இல்லாமல் தாள் சுவருக்குப் போகாது என்பதும் விதி. போட்டேன். அதன் பிறகு பதினொரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். உயரத்தையும் அகலத்தையும் கடைசி வரை மாற்றித்தான் எழுதினார். நான் திருத்தினேன். அவர் இப்போது காப்பாளர்.

இரண்டு பத்திகள் எதற்கு என்று கேட்டீர்கள். ஒரே கட்டம் என்றால் பனையடிப் பெண்ணும் 'பைத்தியக்காரி' என்ற பெயரும் அதில் ஒன்றாகக் கிடக்கும். பிறகு யார் வந்து பிரிப்பது என்று சாஃப்ட்வேர் எழுதியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

தொலைபேசி வந்த மறு வாரம் மாமல்லபுரம் போனேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. இருபத்து மூன்றை மறுபடி காட்சிக்கு வைத்திருந்தார்கள், அதே சுவரில். மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி அதன் முன்னால் நின்றார்கள். மனைவி விளக்கத்தைச் சத்தமாகப் படித்தார். ஒரு முறை படித்து, நிறுத்தி, மறுபடியும் படித்தார்.

"பாருங்க, தல காய வெச்சிகினு இருந்தவள" என்றார் கணவனிடம். "யாரோ வந்து சங்கிலிய மாட்டிட்டுப் போயிகிறான். அவ பாட்டுக்கு சிரிச்சிகினு கீறா."

கணவர் பையை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

"இரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சங்கிலி பிற்பாடு வரைஞ்சதுன்னு கண்டுபிடிச்சது நான்தாம்மா" என்றேன். "இங்கதான் வேலை பார்த்தேன்."

"அப்பிடியா சார்?" என்றார் அந்த அம்மாள், மரியாதையாக. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கண் சுவருக்குப் போய்விட்டது. "இத எழுதினவங்க யாரு சார்? இன்னாமா எழுதிகிறாங்க."

சொன்னேன். தலைப்பெழுத்தோடு, பதவியோடு, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் கைபேசியில் குறித்துக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.